இறகு அசைந்தால்...

"செத்த பிள்ளைக்கு உயிர் வந்துச்சுன்னு புளுகுறவ நீதானா?"

கோயில் வாசலில் குதிரையை விட்டு இறங்கும்போதே உள்ளே பார்த்துக் கேட்டார் சாமியார் லூட்ஹார்ட். மேற்றிராணியார், அதாவது பிஷப், விசாரணைக்கு அனுப்பிய ஆள்.

கோயிலைக் கவனித்துக்கொள்ளும் ஒட்டிலியா கணப்பு நெருப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "மேற்றிராணியாருக்குப் பொய் மேல கோபமா சாமி? இல்ல, இங்க விழுற காணிக்கை எல்லாம் நகரசபைக்குப் போகுதேன்னா?"

"வாய் ரொம்ப நீளம். குத்தம் உறுதியாச்சுன்னா நாக்கு இருக்காது."



ஆரெ ஆற்றங்கரையின் அந்த மாதா கோயிலுக்குச் செத்துப் பிறந்த குழந்தைகளைத் தூக்கி வருவார்கள். ஒட்டிலியா கணப்பருகே கிடத்தி, உதட்டில் ஓர் இறகை வைப்பாள். அசைந்தால் உயிர் வந்ததாகக் கணக்கு. உடனே ஞானஸ்நானம். பிறகு குழந்தை மறுபடி 'செத்து'ப்போகும். ஆனால் கோயில் மண்ணில் புதைக்கலாம். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அந்த மண்ணும் இல்லை, மோட்சமும் இல்லை; இது திருச்சபையின் சட்டம்.

இறகு எப்படி அசைகிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

கதவு திறந்தது. மேலெல்லாம் பனியோடு ஒருவன், கையில் துணிமூட்டை.

"நான் ஹைனி, மலையடிவாரத்துக் குடியானவன். பொட்டப்பிள்ளை அக்கா. அழவே இல்ல."

"இங்க கிடத்து," என்றாள் ஒட்டிலியா.

"கொஞ்சம் இரு!" சாமியார் ஒரு துணியை எடுத்து அவள் வாயை இறுக்கிக் கட்டினார். "இப்ப வை இறகை. பாக்கலாம் உன் அற்புதத்தை."

இறகை வைத்தாள். குழந்தையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் குனிந்தபடி சாமியார்.

இறகு அசையவில்லை.

ஹைனி மண்டியிட்டான். "மாதாவே! போன வருஷம் பொறந்ததை வேலிக்கு வெளியதான் புதைக்க விட்டாங்க. நாய் தோண்டிருச்சு. என் பொண்டாட்டிதான் போய்ப் பொறுக்கிட்டு வந்தா. இதையாவது உள்ள சேத்துக்கோ..."

ஒட்டிலியா கண்களை மூடிக்கொண்டாள். முடிந்தது. இவனுக்குக் கோயில் மண் இல்லை, தனக்கு நாக்கு இல்லை.

"அசையுது! அக்கா, அசையுது!"

ஹைனியின் அலறலில் கண் திறந்தாள். இறகு அவள் பக்கமாகக் குழந்தையின் கன்னத்தில் கிடந்தது.

"தண்ணி கொண்டா, சீக்கிரம்!" என்றார் சாமியார். அவரே ஞானஸ்நானம் கொடுத்தார். அவரே மண்வெட்டி எடுத்து ஹைனியோடு குழி வெட்டினார். கோயில் மண்ணில்.

ஹைனி அழுதுகொண்டே போனான். சாமியார் கணப்பருகே வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு மேற்றிராணியார்கிட்டப் போறேன். ஞானஸ்நானம் இல்லாட்டி மண்ணு இல்லேங்கிற சட்டத்தை எடுத்துடுங்கன்னு கேக்கப் போறேன்."

ஒட்டிலியா வாய்க்கட்டை அவிழ்த்தாள்.

"அப்படிக் கேட்டவங்களை எரிச்சிருக்காங்களே சாமி!"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு? உங்க கண்ணு முன்னாடிதானே அற்புதம் நடந்துச்சு? அதையே சொல்லிட்டுப் போங்களேன்."

அவர் தலை நிமிரவில்லை. "அற்புதம் எதுவும் நடக்கல."

"தெரியும் சாமி," என்றாள் ஒட்டிலியா. "என் வாயைக் கட்டினீங்க. உங்க வாயைக் கட்ட மறந்துட்டீங்க."