இரண்டாம் நாக்கு

கழிவைக் கொட்டிவிட்டு உயர்ந்து நின்ற லாரிப் பெட்டி, கீழே இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

டிரைவர் வீரப்பன் கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார், தொங்கியும் பார்த்தார். அசையவில்லை.

தோல் பதனிடும் ஷாப்பின் கழிவை அள்ளிப் போகிற லாரி அது. கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் சுழன்று பெட்டியைத் தூக்கும். சக்கரம் பின்னால் ஓடிவிடாமல் ஓர் இரும்பு நாக்கு பிடித்துக்கொள்ளும். அந்த நாக்கு தேய்ந்துபோய், போன வாரம் பெட்டி தடாலென்று விழுந்தது. வீரப்பனுக்குத் தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

புது நாக்கு செய்து மாட்டியவர் நாகல்நகர் பூட்டுக்காரர் சிலுவைமுத்து. பூட்டுக்குச் செய்வது போலவே, அரம் தொட முடியாதபடி பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கிச் செய்திருந்தார். கைப்பழக்கம் அத்தோடு நிற்கவில்லை. திருடன் ஒரு நாக்கை நெம்பினாலும் இன்னொன்று பிடிக்கட்டும் என்று பூட்டுக்குள் ஒளித்து வைப்பாரே, அதையும் வைத்துவிட்டார். மறைவிலிருக்கும் குமிழை அழுத்தினால்தான் அது விலகும்.

அதைச் சொல்லத்தான் மறந்துபோனார். இப்போது ஆளை அழைத்து வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

“ஏலே சிலுவ, இந்த நாத்தத்த எவன் களவாங்கப் போறான்னு இம்புட்டுப் பூட்டுப் போட்டிருக்க?” என்றார் வீரப்பன்.

கூடியிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிலுவைமுத்துவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குனிந்து, குமிழின் மேல் விரலை வைத்தார்.

அழுத்துவதற்குள் ‘ணங்’ என்றது.

முதல் நாக்கு இரண்டாக உடைந்து அவர் காலடியில் விழுந்தது. பூட்டுக்கு அந்தக் கடினம் சரி. பாரம் தாங்கும் இடத்தில் அது கண்ணாடி மாதிரி உடையும். இத்தனை வருஷத் தொழிலில் இது தோன்றாமல் போயிற்றே!

பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கி, அரைச்சாண் இறங்கி, நின்றது.

இரண்டாம் நாக்கு பிடித்துக்கொண்டது. அரம் எட்டாத மூலைதானே என்று அதைத் தோய்க்காமல் விட்டிருந்தார்; அதனால் உடையவில்லை.

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டிப் பெருக்குகிற ராக்கம்மாள். பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அடியில் நுழைந்து சுரண்டுவது அவள் வேலை. சிரித்த சிரிப்பில் எல்லாருமே அதை மறந்திருந்தார்கள்.

“செத்த நேரம் ஆட்டாம இருங்கப்பா. ஒட்டுனத இன்னும் சொரண்டி முடிக்கல.”

வெளியே வா என்று கத்தவும் நேரமில்லை. வீரப்பன் ஓடிப்போய்ப் பெட்டிக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்தார்.

அதன் பிறகுதான் சிலுவைமுத்து குமிழின் மேலிருந்த விரலை எடுத்தார். அப்பாடா என்று வந்த மூச்சில் கண்ணும் கலங்கிவிட்டது. லாரி டயரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார்.

அடியில் ராக்கம்மாள் நிதானமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.