கழற்றி வைத்த காது

"இதை நீங்களே வச்சுக்குங்க. நான் வாங்கினதிலேயே உருப்படாத பொருள் இதுதான்."

மருமகள் டப்பாவை மேஜைமேல் வைத்த வேகத்தில், உள்ளே இருந்த காது மெஷின் ஒரு தடவை உருண்டு அடங்கியது.

பக்கத்து நாற்காலியில் மாமனார் குடையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் மில்லில் தறிகளுக்கு நடுவே நின்று தேய்ந்துபோன காது அவருடையது.

"மெதுவா பேசுங்கக்கா, ஐயா பக்கத்துலயே இருக்காரு," என்றாள் கடையில் காது பரிசோதிக்கும் பெண்.

"அவரா? தலைக்கு மேல இடி இடிச்சாக்கூட மழை வருமான்னு நம்மகிட்டதான் கேட்பாரு. நீ தாராளமா பேசும்மா. எங்க வீட்டுல அவரும் ஒண்ணு, பீரோவும் ஒண்ணு."

சொன்ன பிறகு, கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டதோ என்று அவளுக்கே தோன்றியது. மாமனார் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லார் வீட்டுலயும் அப்படி ஒரு பொருள் இருக்கும்க்கா. என் வீட்டுக்காரர் ஆசை ஆசையா ஒரு கிட்டார் வாங்கினாரு. இப்ப அதுக்குள்ள பல்லி குடும்பம் நடத்துது."

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாஷிங் மெஷினுக்குன்னு சேர்த்த பணம்மா இது. இவருக்குக் காது கேட்கட்டும்னு இதை வாங்கிட்டு, நான் இன்னும் கையாலதான் துவைக்கறேன். வாங்கின அன்னிக்கு ஒரே ஒரு நாள் மாட்டினாரு. மறுநாள் கழட்டி டப்பாவுல போட்டு சட்டைப் பையில வச்சவருதான். ஏன் மாமான்னு சைகையில கேட்டா கையை விரிக்கறாரு."

"சிலருக்குப் பழக நாளாகும்க்கா."

"நாளாகட்டும். ஆனா என் பொண்ணை ஸ்கூலுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறது இவருதானே! லாரி போற ரோடு. பின்னாடி ஹாரன் அடிச்சா இவருக்குத் தெரியுமா? திங்கட்கிழமையிலேர்ந்து வேன்ல அனுப்பறேன்னு சொல்லிட்டேன். இதைத் திருப்பிக் கொடுத்தா வேனுக்காவது ஆகும்."

"ஐயா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? அந்த நடைக்காகத்தான் மனுஷர் தினம் எழுந்ததும் சட்டைக்கு இஸ்திரி போடறாரு. அதுவே போகப்போகுதுன்னு தெரிஞ்சும் மெஷினை மாட்டலை. அவ்வளவு வீம்பு!"

வேன் என்றதும் அவர் முகம் வாடிப்போனதை மட்டும் அவள் சொல்லவில்லை.

கடைப் பெண் டப்பாவைத் திறந்து, மெஷினை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"அக்கா, இது சும்மா கிடந்த மெஷின் மாதிரி இல்லையே. காதுக்குள்ள போற முனையைப் பாருங்க, அழுக்கு படிஞ்சிருக்கு. தினமும் மாட்டறவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

"பின்னே யாரு மாட்டறா? நானா?"

"இருங்க, அவர்கிட்டயே கேட்டுடுவோம்."

முனையைத் துடைத்துவிட்டு, பரிசோதனைக்கான கண்ணாடி அறைக்குள் பெரியவரை அழைத்துப் போய் உட்காரவைத்தாள். மெஷினைக் காதில் பொருத்தினாள். கனத்த கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் முதுகு மட்டும்தான் கண்ணாடி வழியே தெரிந்தது. உள்ளே பேசுவது வெளியே மேஜைமேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். அது அவருக்குத் தெரியாது.

"ஐயா, நான் பேசறது கேட்குதா?"

"நல்லா கேட்குதும்மா. மெல்லவே பேசு. மருமக எங்கே?"

பெண் நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"கதவுக்கு வெளியே இருக்காங்க ஐயா."

"அப்பச் சரி. மெஷின்மேல ஒரு குறையும் இல்லை தாயி. தயவுசெஞ்சு திருப்பி வாங்கிக்காதே. என் ஆயுசுக்கு யாரும் எனக்கு இப்படி ஒரு பொருள் வாங்கிக் கொடுத்ததில்லை. தெருமுனை திரும்பினதும் பேத்தியே எடுத்து மாட்டிவிடுவா. வழியெல்லாம் அவ பேச்சுதான்! சைக்கிள் மணி, காக்கா, லாரி, எல்லாம் கேட்கும். திரும்பி வந்து வாசல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடி கழட்டிடுவேன். பேத்தியும் மூச்சு விடமாட்டா, கெட்டிக்காரி."

மருமகள் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்திருந்தாள்.

"இதை உங்க மருமககிட்ட சொல்லிட்டா வேனே வேண்டாமே ஐயா?"

ஸ்பீக்கரில் குடை நுனி தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொன்னா பேத்தியோட நான் நடக்கலாம். ஆனா மருமகளுக்கு ஒண்ணு இல்லாம போயிடும்மா."

"என்னது?"

"வாங்கின அன்னிக்கு இதை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் மெஷின் மாட்டியிருக்கறதை மறந்துட்டு, வழக்கம்போல எனக்குக் கேட்காதுன்னு நினைச்சு, அவ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பேசினா. வெளியூர்ல இருக்கற புருஷன்கிட்ட சொல்ல முடியாதது, பெத்தவகிட்ட சொல்ல முடியாதது, எல்லாத்தையும். நடுவுல என்னையும் திட்டினா. நல்லாவே திட்டினா." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம் வாய்விட்டு அழுதா. ஒன்றரை ரூம் வீடு தாயி அது. அவ மனசுவிட்டு அழறதுக்குன்னு அங்கே இருக்கற ஒரே இடம் என் செவிட்டுக் காதுதான். அதையும் நான் பிடுங்கிக்கணுமா?"