கீழ்ப் பிளக்குகள்

விமான எஞ்சினைப் பற்றவைக்கும் கீழ்ப் பிளக்குகள் நான்கும் இந்த வாரமும் அடைத்துப்போய்த்தான் இருந்தன.

ஷிஃபானா ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முனையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஈயக் குருணைகள். விமானப் பெற்றோலில் கலந்திருக்கும் ஈயம். போன சனிக்கிழமைதான் இதே பிளக்குகளைக் கழற்றி, ஊசியால் கிண்டி, மணல் அடித்துத் துப்புரவாக்கிப் பூட்டியிருந்தாள்.

பறக்கிற எஞ்சினில் இவ்வளவு ஈயம் தங்காது. அந்தச் சூட்டில் எரிந்துவிடும்.

இரத்மலானை விமானத் தளத்திலிருந்து சீனக்குடாவுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, சனிக்கிழமை வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் அன்று வருவதில்லை. கணவன் முனீப் கட்டாரில். கிண்ணியாவில் பூட்டிய வீட்டுக்குள் இருப்பதைவிட விமானக் கொட்டகையில் இருப்பது லேசு.

சனிக்கிழமைகளில் அங்கே வரும் இன்னொருவர் இக்னேசியஸ். உப்புவெளியில் விடுதி நடத்துபவர். கொட்டகைக்கு அப்பால், தண்ணீர் தெரியும் ஓரத்தில் நிற்கும் சிறிய வெள்ளை விமானம் அவருடையது. தேய்த்த சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, கோயிலுக்குப் போகிறவர் போல வருவார்.

இன்று வந்ததும் மேசையருகே நின்றார்.

"சூடு கூடின பிளக் இருக்காம், பிள்ளை. அதைப் போட்டா இப்பிடி அடைக்காதாம்."

"அது ஏலாது சேர். மேல ஏறுற நேரம் எஞ்சின் முழுப் பலத்தில ஓடும். அந்தப் பிளக் அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, பிஸ்டனையே ஓட்டையாக்கிரும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அவள் பிளக்குகளைச் சுத்தம் செய்தாள். கீழே இருந்தவற்றை மேலேயும், மேலே இருந்தவற்றைக் கீழேயும் மாற்றிப் பூட்டிக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினாள்.

எஞ்சின் பிடிக்கும் சத்தம் கேட்டது. ஒழுங்காகத்தான் ஓடியது.

அவள் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, இன்று முதன்முறையாகக் காதுகொடுத்து, விமானம் எழும்பச் சத்தம் உயர்வதற்காகக் காத்திருந்தாள்.

சத்தம் உயரவில்லை. தேத்தண்ணி முடிந்தது. அதே மெல்லிய ஓட்டம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அவள் கோப்பையை வைத்தாள். வயதான மனிதர். உள்ளே மயங்கிக் கிடந்தால்?

ஓடினாள்.

விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. சக்கரங்களுக்கு வைத்த தடைக்கட்டைகளைக்கூட எடுத்திருக்கவில்லை. முன்னால் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அவள் வால் பக்கமாகச் சுற்றி வந்து, விமானி இருக்கும் இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

இருக்கையில் யாரும் இல்லை.

வெறும் இருக்கைக்குக் குறுக்காக பெல்ட் பூட்டப்பட்டிருந்தது.

இக்னேசியஸ் வலப்பக்கத்தில், பயணி இருக்கையில் இருந்தார். நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் திடுக்கிட்டு, எட்டி, பெற்றோலை அடைக்கும் சிவப்புக் குமிழை இழுத்தார். எஞ்சின் இருமி நின்றது.

தண்ணீர்ப் பக்கமிருந்து வந்த காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"சீலாதான் விமானம் ஓடுறவ," என்றார். "என்ர மனிசி. எனக்கு ஓடத் தெரியாது, பிள்ளை. நான் எப்பவும் இந்தப் பக்கம்தான்."

ஷிஃபானா கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"எஞ்சின் சூடாகுமட்டும்தான் என்னோட கதைப்பா. மேல போனா வாய் திறக்க விடமாட்டா. அவ கண்ணை மூடினதுக்குப் பிறகு…"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

திங்கட்கிழமை இதை மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் விமானத்தின் சாவி போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் இந்த மனிதர் தனியே வந்து விசிறியைச் சுழல விடுவார். ஒருநாள் ஏதாவது நடக்கும்.

"எஞ்சின ஓட விட எனக்கு லைசன்ஸ் இருக்கு சேர். உங்களுக்கு இல்ல. தனிய இனி ஏலாது."

"விளங்குது, பிள்ளை."

அவர் இறங்குவதற்குத் தன் பக்கக் கதவில் கை வைத்தார்.

"நான் இதில இருந்தா ஓட விடலாம்," என்றாள் ஷிஃபானா.

கதவில் வைத்த கை அப்படியே நின்றது. அவர் அந்த வெறும் இருக்கையைப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

பிறகு அவர் குனிந்து பெல்ட்டைக் கழற்றினார். இரண்டு பட்டிகளையும் இரண்டு பக்கமும் மெதுவாக ஒதுக்கி வைத்தார்.

ஷிஃபானா ஏறி உட்கார்ந்தாள்.

"சீட்ட நகத்தோணுமெண்டா, கீழ ஒரு பிடி இருக்கு," என்றார், அவளைப் பார்க்காமல்.

அவளுடைய கால்கள் மிதிகளில் சரியாகப் பதிந்திருந்தன.

"வேணாம் சேர். எனக்கு அளவாத்தான் இருக்கு."

எஞ்சின் பிடித்தது. ஈயம் தங்காதபடி பெற்றோலைக் குறைக்க, சிவப்புக் குமிழை அவள் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தாள். இருவரும் முன்னால் பார்த்தபடி இருந்தார்கள்.

நெடுநேரத்துக்குப் பிறகு, அந்தச் சத்தத்துக்கு மேலால் இக்னேசியஸ் கதைக்கத் தொடங்கினார். விடுதியில் தண்ணீர் மோட்டார் பழுதாகிக் கிடப்பதைப் பற்றி.