சொல்லத்தான் போறன்

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில், சமூகவியல் விரிவுரையாளன் றுவைஸ் தன் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"என்ன மகன் எழுதுறீங்க?" என்றார் பக்கத்து இருக்கைப் பெண்மணி.

"பழைய சமூகக் கோட்பாடெல்லாம் இனிச் சரிவராது எண்டுதான். இப்ப குடும்பம் ஆரையும் ஆட்டிவைக்க ஏலாது. அவனவன்ட முடிவு அவனவனுக்கு."

"கலியாணத்திலயுமா?"

"ஓம். நான் ஒரு பிள்ளையை விரும்புறன். அவவுக்கும் சம்மதம். அவட வீட்டாக்களிட்டச் சொல்லத்தான் போறன், கேக்க இல்ல."

பெண்மணி சிரித்தார். பிறகு சம்பளம், தொழுகை, கோபதாபம் என்று ஒவ்வொன்றாகக் கிண்டினார். பொழுது போகட்டுமென்று றுவைசும் ஒளிக்காமல் சொன்னான்.

மூதூர் இறங்குதுறையில் அவன் விரும்பும் ஆதிலா நின்று கையசைத்தாள். அவன் பூரித்துப்போய் எழுந்தான்.

பெண்மணி தன் கனத்த பையை அவன் கையில் திணித்தார்.

"'உம்மாக்குப் பிடிச்சாத்தான் எனக்கும்' எண்டு, ஆதிலாதான் என்னை இந்த லோஞ்சில வரச் சொன்னவள். நடங்க மருமகன்!"