கரண்ட் பெட்டி

கணினியின் பாகங்களைப் பற்றி ஊழியர்களுக்கு ஒரு மணி நேரம் உரையாற்றிப் பொன்னாடை வாங்கிக்கொண்டவர் கண்காணிப்பாளர் வரதராஜுலு. திரைதான் மூளை, விசைப்பலகை காது, மேசைக்கு அடியில் இருப்பது வெறும் கரண்ட் பெட்டி என்று விளக்கினார். யாரும் மறுக்கவில்லை, மேலதிகாரி அல்லவா. உயிரோடு இருக்கும் நாற்பத்தொரு பேரை இறந்தவர் பட்டியலில் அவர் ஏற்றியது தன் மேசைக் கணினியில்தான். இன்று விசாரணை. இறந்தவர்களில் மூன்று பேர் காலையிலிருந்தே வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் பின்பக்கமாகத் திரையைச் சுமந்துபோய் அலுவலகக் கிணற்றில் போட்டார். குமிழிகள் நிற்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் சரிந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எல்லாம் தொலைஞ்சுதும்மா பிலோமினா.”

தட்டச்சர் பிலோமினா நிமிரவில்லை. “மூஞ்சிதான் சார் தொலைஞ்சது.”

“அப்போ மூளை?”

“நீங்கதானே சார் பாடம் எடுத்தீங்க,” என்றவள் மேசைக்கு அடியில் பார்த்தாள்.

அங்கே ஏதோ ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஐந்து வருடமாக அவர் கேட்டுப் பழகிய சத்தம்தான். இன்றைக்குத்தான் அது மூச்சு விடுவதுபோல் இருந்தது. விசாரணை அதிகாரி உள்ளே வந்தார். கையில் கோப்பு இல்லை, ஒரு சிறிய திருப்புளி மட்டும். வெறும் மேசையை ஒரு பார்வை பார்த்தார். மெதுவாகக் குனிந்தார்.

“காலைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா சார்,” என்றார். வரதராஜுலுவால் எடுக்க முடியவில்லை.