ஏழாம் வருஷம்

“ஆறு வருஷம் எனக்கு உழைத்துவிட்டாய். இனி நீ போகலாம்,” என்றார் ஏர்னஸ்ட். அவர் கையில் குத்தூசி இருந்தது. “ஆனால் பெண்சாதியும் பிள்ளையும் நான் தந்தது. அவர்கள் இங்கேதான் இருப்பார்கள்.”

கிரிஷான் தலை நிமிரவில்லை. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி இவோன், மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கீழே எண்பது பேர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து, மவுண்ட் வெல்லிங்டன் தேவாலய மண்டபத்தில் போட்ட நாடகம் அது.

பழைய இஸ்ரவேலில் எபிரேய அடிமைக்கு ஏழாம் வருஷம் விடுதலை. எசமான் கட்டிவைத்த மனைவியை விட்டுப் போக மனமில்லாதவன், ‘இங்கேயே இருக்கிறேன்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் அவன் காதைக் கதவோடு சேர்த்துக் குத்திவிடுவார்கள். பிறகு ஆயுளுக்கும் அவன் அந்த வீட்டு ஆள்.

கதையைத் தெரிவு செய்தவர் ஏர்னஸ்ட். எசமான் வேஷமும் அவருக்கே. அடிமையாகத் தன் மருமகன் கிரிஷானைப் போட்டார். மகள் இவோனுக்கு வசனமே கிடையாது.

கிரிஷான் இவோனைக் கட்டி மன்னாரிலிருந்து ஆக்லாந்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்த மறுநாளிலிருந்து மாமனாரின் கராஜில் வேலை. பாபகூராவில் அவர் வீட்டுக் கீழறையில் குடித்தனம். அவனுடைய ஃபோன்கூட அவர் பெயரில்தான். மகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

போன மாதம் நகரின் மறுகோடியில், கிளென்ஃபீல்டில் ஒரு கராஜ்காரர் அவனை வேலைக்குக் கூப்பிட்டார். காரில் வரும்போது இவோனிடம் மெல்லக் கேட்டான்.

“நாங்கள் தனியப் போவமே?”

“அப்பா விடமாட்டார்.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று காலை ஏர்னஸ்ட் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். இவோன் இரண்டு பெரிய சூட்கேஸ்களைக் காரில் ஏற்றினாள். “நாடக உடுப்பு,” என்றாள். கிரிஷான் இருந்த மனநிலையில் எதுவும் கேட்கவில்லை. சொல்லவேண்டிய வசனத்தையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“போகிறாயா, இருக்கிறாயா?” மேடையில் ஏர்னஸ்ட் இரண்டாம் முறை கேட்டார்.

கிரிஷான் அட்டைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். திரைக்குப் பின்னால் தாள்களோடு நின்ற டெஸ்மன், “வசனம், வசனம்,” என்று தவித்தார்.

ஏர்னஸ்ட் நெருங்கி வந்து பல்லைக் கடித்தார். “சொல்லடா. சனம் பாக்குது.”

கிரிஷான் மகளைப் பார்த்தான். அவள் தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மைக்கின் பக்கம் குனிந்தான்.

“நான் போகவில்லை, எசமானே. இங்கேயே இருக்கிறேன்.”

குரல் உடைந்துவிட்டது. ஒத்திகையில் ஒருநாளும் அப்படி உடைந்ததில்லை. மண்டபம் முழுக்கக் கைதட்டல். முன்வரிசையில் இருந்த ரதிதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன நடிப்பு!” என்றாள்.

ஏர்னஸ்ட் அவன் தலையைப் பிடித்து அட்டைக் கதவில் சாய்த்தார். குத்தூசியை உயர்த்தினார்.

உயர்ந்த கை இறங்கவில்லை. இவோன் அதைப் பிடித்திருந்தாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?” என்றார் அவர் அடிக்குரலில்.

அவள் கணவனைப் பார்த்தாள். மைக் அணைக்கப்படாமலே இருந்தது.

“கிளென்ஃபீல்டில போன கிழமையே வீடு எடுத்திட்டன், வாங்கோ.”