ஆளுக்கு ஆறு வார்த்தை

“கையை எடுக்காதீங்க. உங்க பக்கம் மட்டும் பார்த்து எழுதுங்க” என்றாள் வேணி.

செந்தமிழன் தன் செல்போனின் வலப்பாதியைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டான். இடப்பாதியில் இருந்த ஆறு ஆங்கில வார்த்தைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத ஆரம்பித்தான்.

கன்டோன்மென்டில் அந்த நீண்ட வராந்தாவின் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. அவர்களைக் கூப்பிட இன்னும் நேரமிருந்தது.

அவன் தொட்டியத்தில் வாழைத்தார் வியாபாரி. காலையிலேயே பைக்கில் வந்திருந்தான். அவள் உறையூரில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அரை நாள் லீவு சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பன் பேச்சைக் கேட்டு அவன் கிரிப்டோ காயின் வாங்கினான். அவளுடைய இரண்டு வளையலும் அவனுடைய ஒரு சீசன் பூவன் தாரும் அதற்குள் போயிருந்தன. இப்போது விற்றால் நஷ்டம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

விலை ஏறும்வரை யார் கையில் இருப்பது என்பதுதான் தகராறு. வாங்கிய கம்பெனியின் ஆப்பிலேயே, அவன் பேரிலேயே கிடந்தால் ஒருநாள் சொல்லாமல் விற்றுவிடுவான் என்று அவள் பயந்தாள். அவள் பேருக்கு மாற்றினால் அதையே அவள் செய்வாள் என்றான் அவன்.

வழி கண்டுபிடித்தவள் வேணிதான். ஒரு வாரம் உட்கார்ந்து படித்திருந்தாள்.

போனில் தனியாக ஒரு வாலட் திறப்பது. காயினை அதற்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து வாலட்டை அழித்துவிடுவது. திரும்பத் திறக்க வேண்டுமென்றால், ஆரம்பத்தில் அது கொடுக்கும் பன்னிரண்டு வார்த்தைகளும் வரிசை மாறாமல் வேண்டும்.

ஆளுக்கு ஆறு. பாதியை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் அது பின் நம்பர் கேட்டது. கல்யாணத் தேதியைப் போடலாம் என்றான் செந்தமிழன். பிறந்தநாள், கல்யாணநாள் எதுவும் ஆகாது, தெரிந்தவர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். ஆனாலும், அந்தத் தேதி அவனுக்கு ஞாபகம் இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அப்புறம் வார்த்தைகள் வந்தன. பேசாமல் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டான்.

கூடவே கூடாது என்றாள். போட்டோ போனோடு நிற்காது, வேறு எங்கெல்லாமோ போய் உட்கார்ந்துகொள்ளும். காகிதம்தான். கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது இந்த வார்த்தைகளைக் கேட்டால், கேட்பவன் திருடன்.

“நீ கேட்டா?”

“நானும்தான்.”

அவன் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டே போனான். நாலாவது வார்த்தைக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வேணி, பனானா வந்திருக்கு.”

அவள் சட்டென்று போனை வாங்கினாள். காகிதத்தையும் வாங்கிச் சுக்கலாகக் கிழித்தாள். உள்ளே இன்னும் ஒன்றும் போடாத வாலட் என்பதால் அதை அழித்துவிட்டு, வேறொன்று புதிதாகத் திறந்தாள். வேறு பன்னிரண்டு வார்த்தைகள் வந்தன.

இந்தமுறை அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினான். முடித்துவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

அவள் முறை வந்தது. இடப்பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மூன்றாவதை எழுதும்போது சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல் சத்தமாகவே சிரித்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்பை அவன் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

என்ன வார்த்தை என்று கேட்டான். சொல்ல முடியாது என்றாள். முதல் எழுத்தாவது? அதுவும் முடியாது. காய்கறியா, மிருகமா என்று கேட்டான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்து யோசித்தாள்.

“ரெண்டும் இல்ல. ஆனா ராத்திரி குறட்டை விடும்.”

பூனையா என்றான் செந்தமிழன். அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு பரீட்சை இருந்தது. சரியாக எழுதிக்கொண்டார்களா என்று பார்க்க, வாலட் நடுநடுவே இருந்து நாலு வார்த்தைகளைக் கேட்டது. இரண்டு அவனுடையவை. அவன் கையால் மறைத்து மறைத்து, எழுத்துக் கூட்டி அடித்தான். சரி என்று பச்சை விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பாஸான மாதிரி அவளைப் பார்த்தான்.

பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து இருவர் பேரையும் கூப்பிட்டார்கள்.

கறுப்புக் கோட்டைச் சரிசெய்தபடி வேகமாக வந்தார் அன்புச்செல்வன். இருவருக்கும் சேர்த்து அவர்தான் வக்கீல்.

“வாங்க, கூப்பிட்டாச்சு. பிரியறதுக்கு ரெண்டு பேருக்கும் சம்மதம்னு ஜட்ஜ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. விவாகரத்து இன்னைக்கே கிடைச்சிடும்.”

வேணி நிமிர்ந்து பார்க்கவில்லை. போன் திரையை முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிஷம் சார். எனக்கு இன்னும் ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு.”

“நான் பார்க்கல” என்றான் செந்தமிழன், கண்ணைத் திறக்காமல்.

இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள்.

அன்புச்செல்வன் அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தனியாக உள்ளே போனார்.

இரு தரப்பும் கொஞ்சம் அவகாசம் கேட்கிறார்கள் என்று ஜட்ஜிடம் சொன்னார்.